சூரியன் கணக்கில் துண்டு

கேள்வி: நியூட்ரினோ என்ற நுண்துகள் வருவது சூரியனிலிருந்து. அதைப் பிடிக்க விஞ்ஞானிகள் ஏன் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள்?

பதில்: கல்யாண மண்டபத்தில் தவில் முழங்கும்போது கொசுவின் ரீங்காரம் கேட்குமா? பூமியின் மேல்பரப்பில் காஸ்மிக் கதிர்கள் அப்படித்தான் ரகளை செய்கின்றன. பாறை அவற்றைத் தடுத்துவிடும். நியூட்ரினோவுக்குப் பாறையும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான்.

அமெரிக்காவில் ரே டேவிஸ் 1960களில் ஒரு தங்கச் சுரங்கத்துக்குள் 3.8 லட்சம் லிட்டர் டிரை கிளீனிங் திரவத்தை நிரப்பிவைத்துக் காத்திருந்தார். எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் சிக்கியது. மனிதர் எண்ணத் தெரியாமல் எண்ணுகிறார் என்று பலர் நினைத்தார்கள். முப்பது வருஷம் அந்தச் சந்தேகம் ஓடியது.

கனடாவின் சட்பரியில், நிக்கல் சுரங்கத்தில் 2 கிலோமீட்டர் ஆழத்தில் 1,000 டன் கனநீரை வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அங்கே ஆய்வாளர்கள் தினமும் குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். சுரங்கத் தூசியிலுள்ள யுரேனியம் கணக்கைக் கெடுத்துவிடுமே! 2002-ல் மூன்று வகை நியூட்ரினோக்களையும் சேர்த்து எண்ணினார்கள். மொத்தம் சரியாக இருந்தது. எலெக்ட்ரான் நியூட்ரினோவாகக் கிளம்பியவை வழியில், டேவிஸின் திரவத்தில் சிக்காத வகைகளாக வேஷம் மாறியிருந்தன. வேஷம் மாறுவதென்றால் அவற்றுக்கு நிறை இருக்க வேண்டும். ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம் 1998-லேயே இதற்குச் சாட்சி சொல்லியிருந்தது.

டேவிஸ் எண்ணியதில் பிழையே இல்லை. நோபல் பரிசை வாங்கும்போது அவருக்கு வயது 88. சட்பரியின் கனநீரோ கடன் சரக்கு. சோதனை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.