சிமிட்டி எந்த ஊர்ச் சொல்?

கேள்வி: அரியலூர்ப் பக்கம் போனால் திரும்பிய இடமெல்லாம் சிமெண்ட் ஆலை. இந்தச் 'சிமெண்ட்' எந்த ஊர்ச் சொல்? (ஒரு வாசகர், பெரம்பலூர்)

பதில்: ரோமாபுரிச் சொல்! லத்தீனில் 'கேமென்டும்' என்றால் உடைத்த கல், அதாவது நம்ம சல்லி. வெட்டுதல் என்னும் பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. சொன்னால் கொத்தனார் நம்ப மாட்டார்: இன்று சல்லியை ஒட்டவைக்கும் பொடிக்கு, அன்று சல்லியின் பெயர். சுண்ணாம்போடு கலந்த கல்லுடைசலின் பெயர் கலவைக்குத் தாவி, கடைசியில் பொடியில் ஒட்டிக்கொண்டது. ஒட்டுவதுதானே அதன் வேலை!

இத்தாலியர் 'செமென்டோ' என்கிறார்கள், போர்ச்சுகீசியர் 'சிமென்டோ', ஜெர்மானியர் 'த்ஸெமென்ட்'. இலங்கைத் தமிழர் எழுதுவது 'சீமெந்து'. நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு அது 'சிமிட்டி', கண்ணடித்ததாக நினைத்துவிடாதீர்கள். என் ஓட்டு சீமெந்துக்கே. தமிழ் நாக்கில் வழுக்கிக்கொண்டு வருகிறது.

'போர்ட்லண்ட் சிமெண்ட்' என்ற பெயரில் 1824இல் காப்புரிமை வாங்கிய ஜோசப் ஆஸ்ப்டின், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கொத்தனார்.

பெயர்தான் வெளியூர், சரக்கு சுத்தமாக உள்ளூர். டைனோசர்கள் திரிந்த கிரெட்டேசியஸ் காலத்தில் உங்கள் வட்டாரம் கடல். அதன் அடியில் படிந்ததே சிமெண்டுக்கு மூலப்பொருளான சுண்ணாம்புக்கல். உடைத்த கல்லை உற்றுப் பாருங்கள்: சிப்பியின் வரிகள்கூடத் தெரியும்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள்.