வடிகஞ்சி

ரோம்,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதத்தை மதினிதான் வாசிச்சுக் காட்டும்னு தெரியும். மதினி, நடுவுல நிறுத்திச் சிரிக்காம வாசிங்க.

போன வாரம் போன்ல நான் பாஸ்தான்னு சொன்னதும், "சேமியா திங்க ரோம் வரைக்கும் போகணுமா?"ன்னு பின்னாடி ஐயா கேட்டது காதுல விழுந்துச்சு. இது சேமியாவுக்கு அண்ணன்னு வச்சுக்கோங்க. நான் வாங்குறது முட்டை போட்டுப் பிசைஞ்சது, நம்ம கட்டில் நாடா மாதிரி பட்டையா இருக்கும். பேரு பெட்டுச்சினி.

இதுக்கு வெள்ளையா, கொழகொழன்னு ஒரு சாறு செய்யணும்னு ஆசை வந்துச்சு. ஒரு டப்பா க்ரீமை ஊத்தித் தளதளன்னு கொதிக்கவிட்டு, துருவின சீஸை அள்ளிப் போட்டேன். அம்புட்டுதான். சீஸ் ரப்பர் பந்தா உருண்டு அடியில உக்காந்துச்சு, மேல நெய் மிதந்துச்சு. கரண்டியில தூக்குனா முழுக் குடும்பமும் சேர்ந்து வருது.

கருகுன வாடைக்குக் கீழ் வீட்டுப் பாட்டி ஏறி வந்தாங்க. சட்டியைப் பாத்தாங்க, க்ரீம் டப்பாவைப் பாத்தாங்க, எழவு வீட்டுக்கு வந்தவங்க மாதிரி தலையில கைவச்சு உக்காந்துட்டாங்க. அப்புறம் கதை சொன்னாங்க: இந்தச் சாறுக்குச் சொந்தக்காரர் ஆல்ஃபிரேதோ தி லேலியோன்னு இதே ஊர்க்காரர். 1908ல அவர் சம்சாரம் பிள்ளை பெத்துட்டுச் சாப்பாடே இறங்காமக் கிடந்துச்சாம். அதுக்காக வெண்ணெயும் சீஸும் மட்டும் போட்டுப் பிசைஞ்சு குடுத்தாராம். க்ரீமெல்லாம் பிறகு அமெரிக்காவுல சேந்தது. ஆக, இது பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியம்மா! நீ மதினிக்குப் பூண்டுக்குழம்பு வச்ச மாதிரி.

பாட்டி மறுபடி செஞ்சு காட்டுனாங்க. 200 கிராம் நாடா வெந்துச்சு. நான் பழக்கதோஷத்துல தண்ணியைத் தொட்டியில கொட்டப் போனேன், கையில ஒரு தட்டு விழுந்துச்சு. அந்தத் தண்ணிதானாம் உசுரு. ஒரு குவளை மோந்து வச்சுக்கிட்டு, அடுப்பை அணைச்சாங்க. சூட்டு நாடாவுல 60 கிராம் வெண்ணெய், கொஞ்சம் கொஞ்சமா 80 கிராம் சீஸ், நடுநடுவுல அந்தத் தண்ணி, கை ஓயாமக் கிளறல். பாத்துக்கிட்டே இருக்கேன், பாலாடை மாதிரி சாறு திரண்டு வருது!

அப்பதான் எனக்கு உறைச்சுச்சு. அந்தத் தண்ணி வடிகஞ்சிம்மா! வெண்ணெயும் தண்ணியும் பங்காளிச் சண்டை போடாம அதுல இருக்கிற மாவுதான் பிடிச்சு வைக்குது. அருப்புக்கோட்டையில தறிக்காரங்க பாவுக்குக் கஞ்சி போட்டுப் பிசிறை அடக்குறாங்களே, கிட்டத்தட்ட அதே வேலை. அடுப்பை அணைச்சதுக்கும் காரணம் நம்ம வீட்டுலயே இருக்கு: மோர்க்குழம்பு நுரை கட்டுனதும் இறக்காட்டித் திரிஞ்சுபோகும்னு எத்தனை தடவை கத்தியிருப்பே. சீஸும் அப்படித்தான், சூடு தாங்காது. வடிகஞ்சியை வீணாக்காதடான்னு நீ வைஞ்சதையெல்லாம் காதுல வாங்கியிருந்தா ஒரு டப்பா க்ரீம் காசு மிச்சம்.

அந்தச் சீஸ் கதையையும் கேளு. பர்மிஜானோன்னு பேரு. ஒரு வட்டு 40 கிலோ இருக்கும், அதுக்கு 500 லிட்டருக்கு மேல பால் வேணும். நம்ம ரெண்டு மாடும் சேந்து நாளைக்கு எட்டு லிட்டர் கறந்தாலும் ரெண்டு மாசத்துக்கு மேலான பால்! அதைக் குறைஞ்சது 12 மாசம் அலமாரியில அடுக்கி வச்சுக் காக்குறாங்க. உறை ஊத்துறது மோர் இல்ல, கன்னுக்குட்டி இரைப்பையில எடுக்கிற மருந்து. அதனால அமாவாசைக்கு நான் இதைத் தொடுறதில்லை, ஐயாகிட்டச் சொல்லிரு.

எனக்கு இந்தப் பாஸ்தா வெறும் வாயில சப்புன்னுதான் இருக்கு. நீ அனுப்பின மிதுக்கு வத்தலை வறுத்துத் தொட்டுக்கிட்டேன். பாட்டி ஒண்ணை எடுத்து மோந்து பாத்து, சாமி கும்பிட்டுட்டு வாயில போட்டாங்க. முகம் கோணுச்சு. ரெண்டாவது எடுத்தாங்க. மூணாவதுக்கு என்னைக் கேக்கவே இல்லை.

அடுத்த பார்சல்ல வத்தலை ரெண்டு பொட்டலமாக் கட்டி அனுப்பும்மா. ஒண்ணு கீழ் வீட்டுக்கு.

உன் மகன்