முழுங்கவா லே அம்புட்டுத் துட்டு?

ஏலே பேரப்புள்ள, நீ அனுப்புன போட்டோவைப் பாத்தேன். நொறுக்கின ஐஸ் மேல ஆறு சிப்பி வட்டமா உக்காந்திருக்கு, நடுவுல எலுமிச்சம்பழம், பக்கத்துல ஒரு செவப்புச் சாஸ். பொறவு வந்த வீடியோவையும் பாத்தேன். தலையை அண்ணாந்து, கண்ணை இறுக்கி மூடி, ஒரே மடக்கு. பல்லு படவே இல்ல. ஒரு சிப்பிக்கு மூணு நாலு டாலர்னு பெருமையா வேற சொல்லுத. முழுங்கவா லே அம்புட்டுத் துட்டு? பாதிப் பல்லு போன நானே மென்னு தின்னேன்.

நீ முழுங்கினது ஷிகோகு. பேரு ஜப்பான், பொறப்பு அமெரிக்கா. உங்க வாஷிங்டன் மாநிலத்துல வில்லப்பா விரிகுடாவுல டெய்லர் குடும்பத்துக்காரவ வளக்குத சாதி. 1890கள்ல இருந்து அவிய பொழப்பே சிப்பிதான். வம்சம் பாத்தா இது பசிபிக் சிப்பி, பூர்வீகம் ஜப்பான் பக்கம். அந்தக் கரைக்குச் சொந்தக்காரன் ஒலிம்பியா சிப்பின்னு ஒரு பொடிப்பய. கலிபோர்னியாவுக்குத் தங்கம் தோண்டப் போன கூட்டம் அதை வாரி வாரித் தின்னுச்சு. மிச்சத்தைக் காகிதக்கூழ் ஆலைக் கழிவு பாத்துக்கிட்டு. பொறவுதான் ஜப்பான்ல இருந்து குஞ்சுச் சிப்பியைப் பெட்டி பெட்டியாக் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்து போட்டாவ. வந்தது அங்கனயே தங்கிட்டு, ஊருக்குத் திரும்புத பேச்சே எடுக்கல. இந்தக் கதையை உனக்கு நான் சொல்லணுமாக்கும்?

சிப்பியை அது பாட்டுக்குச் சேத்துல விட்டா நீளமா, தட்டையா, கோணல்மாணலா வளரும். ஷிகோகுவை அப்படி விடுததில்ல. வலைப்பையில போட்டு, பையோட ஒரு பக்கத்தைக் கயித்துல கட்டி, மறுபக்கத்துல மிதவையை மாட்டிருவாவ. கடல் ஏறும்போது மிதவை பையைத் தூக்கும், வத்தும்போது பை தொங்கிப்போகும். ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ள கிடக்குத சிப்பி அம்புட்டும் உருண்டு ஒண்ணோட ஒண்ணு உரசும். ஓட்டு விளிம்புல புதுசாத் தள்ளுத மெல்லிசு ஏடு ஒடிஞ்சு விழும். முருங்கைக் கொழுந்தை நாம கிள்ளிவிடுதோம்லா, உசரத்துக்குப் போகாம பக்கத்துல வெடிக்கட்டும்னு? அதே சூட்சுமம்தான். நீளத்துக்கு வழி இல்லாம ஓடு குழிஞ்சு ஆழமாகுது, உள்ள சதை நெறையுது. ரெண்டு ஓட்டையும் இழுத்துப் பிடிக்குத தசைக்கும் ஓயாத வேலை, அதனால உரம் ஏறுது. கையில எடுத்துப் பாத்தியா, ஆளு சின்னது, கனம் சாஸ்தி. எங்க பாத்திருப்ப, போட்டோவுக்கே கை பத்தல.

அது குஞ்சா இருந்த கதையும் கேளு. பொரிக்குதது கொட்டகையில, தொட்டித் தண்ணியில. 2007 வாக்குல ஒரிகன், வாஷிங்டன் பொரிப்பகங்கள்ல குஞ்சு கோடிக்கணக்குல செத்துது. கிருமியைத் தேடுனாவ. கடைசியில பாத்தா தண்ணி மேலதான் குத்தம். காத்துல நாம விடுத கரிப்புகையைக் குடிச்சுக் குடிச்சுக் கடல் புளிச்சுப்போச்சு, குஞ்சுக்கு ஓடு கட்ட முடியல. இப்பம் தண்ணியை அளந்து பாத்து, சலவைச் சோடா கலந்துதான் தொட்டிக்கு விடுதாவ. துணி வெளுக்குத சோடா லே! இத்தனை பாடுபட்டு ஒருத்தன் வளத்துக் குடுத்ததை, நீ தக்காளிச் சாஸுல முக்கி, நாக்குக்குக் காட்டாமலே வயித்துக்கு அனுப்பிட்ட.

இனிமே தாத்தா சொல்லுதபடி தின்னு. மொதச் சிப்பியில ஒண்ணும் ஊத்தாத. மூக்குக்கிட்ட கொண்டுபோ, கடல் வாடை வரணும். அழுகல் நாத்தம் வந்தா திருப்பிக் குடுத்துரு, கூச்சப்படாத. ஓட்டுல நிக்குத தண்ணி அதோட சொந்தத் தண்ணி, குழாயில கழுவிராத. ஒரு மகராசன் கழுவிக்கிட்டிருந்ததை நானே பாத்தேன், நம்மூரு ஆளுதான், வெளிய சொல்லல. தண்ணியோட சதையை வாயில விட்டு மெல்லு. மொதல்ல உப்புதான் அடிக்கும். நாலாவது மெல்லுல ஒரு தித்திப்பு வரும், முடியும்போது வெள்ளரிப்பிஞ்சு வாசம். முழுங்குதவனுக்கு உப்போட கணக்கு முடிஞ்சுது. ரெண்டாவதுக்கு எலுமிச்சை ரெண்டு சொட்டு விடு. மூணாவதுக்கு, சின்ன வெங்காயத்தைப் பொடுசா அரிஞ்சு வினிகரும் நல்லமிளகும் சேத்து ஒண்ணு வைக்கான்லா, மின்யொனெட்டாம், அதுல கொஞ்சூண்டு. செவப்புச் சாஸ்தான் வேணும்னா உருளைக்கிழங்குப் பொரியலை வாங்கு, துட்டு மிச்சம்.

வீட்டுல தொறக்கப் போறேன்னு வெங்காயம் அரியுத கத்தியை எடுத்துராத, தையல் போட டாக்டர் எம்புட்டு வாங்குவார்னு உனக்கே தெரியும். சிப்பிக்குன்னு குட்டையா, மொண்ணையா ஒரு கத்தி விக்கான். குழிஞ்ச ஓடு கீழ இருக்கணும், பிடிக்குத கையில தடிச்ச துணி. ரெண்டு ஓடும் கூடுத மூட்டுல நுனியைக் குடுத்துத் திருகு. குத்தாத, திருகு. ‘டக்’குன்னு விட்டுக் குடுக்கும். கத்தியை மேல் ஓட்டோட உள்பக்கம் ஒட்டினாப்புல விட்டுத் தசையை அறு, மூடி கழண்டு வந்துரும். அடியிலயும் அறுத்துவிடு. வாங்கின சிப்பியை ஃப்ரிட்ஜ்ல ஈரத்துணி போத்தி வை. நல்ல தண்ணியில ஊறப்போட்டாலும் சாவும், காத்து போகாத பையில கட்டினாலும் சாவும். வாய் பொளந்து கிடக்குததை ஒரு தட்டு தட்டு. மூடிக்கிட்டா உசிரு இருக்கு, இல்லேன்னா குப்பைக்கு.

இன்னொண்ணு, கோடையில வீரம் காட்டாத. இங்கிலீஷ் மாசப் பேர்ல ‘ஆர்’ இல்லாத நாலு மாசமும் சிப்பி திங்கக் கூடாதுன்னு அங்க பழைய கணக்கு. அப்பம் அது முட்டை கட்டிப் பாலாக் குழைஞ்சுபோகும். அதுக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆளுக 1980கள்லயே வழி பண்ணிட்டாவ. குரோமோசோம் மூணு மூணா இருக்குத மலட்டுச் சிப்பி, புள்ளைகுட்டிக் கவலை இல்லாம கோடையிலயும் கெட்டியா இருக்கும். ஆனா விப்ரியோங்குத கிருமி மலடு பாக்காது, தண்ணி சூடானாப் பெருகும். 2021 ஜூன் கடைசி வெயில்ல உங்க கரையில கிடந்த சிப்பியும் மட்டியும் கிடந்த எடத்துலயே வெந்துது. அந்தக் கோடையில பச்சைச் சிப்பி தின்னு வயித்தால போனவனும் கூடிட்டான். எலுமிச்சை, மிளகாச் சாஸ், பீரு, எதுவும் அந்தக் கிருமியைக் கொல்லாது. நெருப்புதான் கொல்லும். ஈரல் கெட்டவனும் சக்கரைக்காரனும் பச்சையாத் தொடவே கூடாது. நான் சக்கரை வாறதுக்கு முந்தி வந்தப்ப பச்சையாத் தின்னது, போன தடவை சுட்டுத்தான் தின்னேன். குழிப்பக்கம் கீழ இருக்கக் கரியடுப்புல வச்சு, வாய் தொறந்த பொறவும் கொஞ்ச நேரம் கொதிக்க விட்டு, துளி வெண்ணெயும் பூண்டும். ஆனா ஷிகோகுவைச் சுடாத, பாவம். அதுக்குன்னு பெரிய சாதி மலிவாக் கிடைக்கும். நான் ரெண்டு தடவை தின்னதும் உங்க ஆச்சிக்குத் தெரியாது, ரெண்டு நாளும் வெள்ளிக்கிழமை.

நம்ம தூத்துக்குடியிலயும் 1970கள்ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரவ திங்குத சிப்பி வளத்துக் காட்டுனாவ. நாம சிப்பின்னாலே உள்ள முத்து இருக்கான்னு பாத்த கூட்டம், திங்க எங்க தோணும்?

கடைத் துட்டு கட்டுப்படியாகலேன்னா பொதுக் கடற்கரையில நீயே பொறுக்கலாம். போறதுக்கு முந்தி சுகாதாரத் துறை வரைபடத்துல அந்தக் கரை தொறந்திருக்கான்னு பாரு. விஷப்பாசி வந்து மூடியிருந்தா சமைச்சாலும் அந்த விஷம் போகாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 18. எடுத்த எடத்துலயே உடைச்சு, சதையை மட்டும் கொண்டாந்துட்டு ஓட்டை அங்கனயே போட்டுரணும், அடுத்த குஞ்சு வந்து ஒட்ட அந்த ஓடுதான் வீடு. உன் 18-ஐயும் என் 18-ஐயும் ஒரே வாளியில போட்டா அபராதம். அதனால நான் வாற மாசத்துக்குள்ள எனக்கும் ஒரு லைசென்ஸும் தனி வாளியும் வாங்கி வை. வெளியூர்க்காரனுக்குக் கட்டணம் கூடவாம், அது உன் பாடு.