வெள்ளை மண்ணில் ஒரு பழஞ்சிவப்பு

கேள்வி: அல்சாஸ் என்றாலே வெள்ளை ஒயின்தான். அங்கே விளைந்த சிவப்பு ஒயின் பத்து வருஷம் தாங்குமா?

பதில்: நல்ல தோட்டத்தில் விளைந்ததென்றால் அழகாகத் தாங்கும். கிழக்குப் பிரான்சின் இந்தப் பகுதியில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளைதான். அல்சாஸ் பெயரில் சிவப்பு ஒயின் செய்ய அனுமதியுள்ள திராட்சை ஒன்றே ஒன்று: பினோ நுவார். தோல் மெல்லிய பழம். சாயமும் துவர்ப்பும் குறைவு. அதைக் காப்பாற்றுவது புளிப்பு.

பழைய பாட்டிலைத் திறப்பதற்கு முதல் நாளே நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் படியும். 15 டிகிரி குளிர்ச்சி போதும். வெள்ளைத் துணிமேல் கோப்பையைச் சாய்த்தால் நடுவில் மாதுளைச் சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம். செர்ரி வாசம் பின்வாங்கியிருக்கும். முன்னே வருவது காளான், மழையில் நனைந்த சருகு, பதனிட்ட தோல். துவர்ப்பைத் தரும் டானின்கள் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரு பகுதி வண்டலாக இறங்கிவிடுவதால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்காது. இந்த வாசங்கள் கெட்டுப்போனதன் அடையாளமல்ல, முதிர்ச்சியின் அடையாளம். ஆனால் ஊற்றிய பிறகு நெடுநேரம் காத்திருக்கக் கூடாது. மணம் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

நல்ல தோட்டம் என்றேனே: 2022-இல் அல்சாஸின் ஹெங்ஸ்ட், கிர்ஷ்பெர்க் டெ பார் ஆகிய இரு தோட்டங்களின் பினோ நுவாருக்கு ‘கிராண்ட் குரூ’ என்னும் உயர்தரத் தோட்டத் தகுதி கிடைத்தது.