ஓங்கில் முதுகுல யாரு பேரு?

ஏட்டி பேத்தி, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில படிப்ப முடிச்சிட்டு வந்து, "ஓங்கிலு, திமிங்கலம்னு ஆராய்ச்சி பண்ணப் போறேன் தாத்தா, ஒரு நல்ல ஸ்பான்சர் மட்டும் ஆப்ட்டாப் போதும்"னு சொல்லுத. ரொம்ப சந்தோசம். சுந்தரபாண்டியபுரத்துல பொறந்தவளுக்குக் கடல் எதுக்குன்னு உங்கப்பன் கேக்கான். அவன் கெடக்கான், குளத்துல தண்ணி கெடந்தா நெல்லு, கெடக்காட்டி சூரியகாந்தி, அதுக்கு மேல அவனுக்குப் புத்தி ஓடாது. ஆனா காசு போடுதவன் கொணத்தப் பத்தி நம்ம ஊருக்காரன்கிட்ட கேக்காம வேற யாருகிட்டட்டி கேப்ப?

1992ல 'ரோஜா' வந்ததுல இருந்து இந்த ஊருக்கு எத்தன சினிமாக் கம்பெனி வந்துட்டுப் போயிருக்கு! காசு போட்டவன் கேமராவ எங்கன திருப்புதானோ, அங்கன மட்டுந்தான் ஊரு இருக்கும். மஞ்சப்பூவு தெரியும். அடுத்த வரப்புல காஞ்சு கெடக்க வயலு தெரியாது. 'அந்நியன்' எடுக்க வந்தவிய பாறைக்கே சாயம் அடிச்சிட்டுப் போனாவ. அதுல பொய்யின்னு ஒண்ணும் இல்ல, பாறையும் நெசம், பூவும் நெசம். எதக் காட்டல அப்படிங்கிறதுலதான் விசயமே இருக்கு. இத மனசுல வச்சிக்கிட்டு மேக்கொண்டு கேளு.

ஒலகத்துலயே கெட்டிக்கார ஏற்பாடு ஜப்பான்காரன் பண்ணுனதுதான். வியாபாரத்துக்குத் திமிங்கலம் புடிக்கக் கூடாதுன்னு சர்வதேசத் திமிங்கல ஆணையம் தடை போட்டுச்சு. அந்த ஆணையத்தோட ஒப்பந்தத்துலயே, 'ஆராய்ச்சிக்குன்னா புடிச்சிக்கிடலாம், புடிச்சத வீணாக்கக் கூடாது'ன்னு ஒரு சந்து இருந்துச்சு. நம்மாளு அதுல கப்பலையே ஓட்டிட்டான். 1987ல ஒரு ஆராய்ச்சி நிலையத்த ஆரம்பிச்சு, அண்டார்டிகா பக்கம் போயி அடிச்சு, அளந்து, எழுதி, கறிய வித்து, அந்தக் காசையும் அடுத்த வருச ஆராய்ச்சிச் செலவுல சேத்துக்கிட்டான். பத்தாததுக்குச் சர்க்கார் மானியம். ஏட்டி, எங்கயாவது இப்படிக் கேட்டிருக்கியா? யாரு மேல ஆராய்ச்சி நடக்கோ, அந்தத் திமிங்கலமே ஸ்பான்சர்!

ஆஸ்திரேலியாக்காரன் விடல, கோர்ட்டுக்கு இழுத்துட்டான். 2014 மார்ச் 31ல ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றம், 'இது ஆராய்ச்சிக்குன்னு போட்ட திட்டம் மாதிரித் தெரியல, நிறுத்து'ன்னு தீர்ப்புச் சொல்லிருச்சு. 12 நீதிபதி நிறுத்தச் சொன்ன பக்கம், 4 பேரு ஜப்பான் பக்கம். நம்ம நாட்டு தல்வீர் பண்டாரி 12 பேருல ஒருத்தரு. கோர்ட்டுக்குப் போனது 2005ல தொடங்குன ரெண்டாவது திட்டம், அதுல மட்டும் மிங்கி திமிங்கலம் 3,600 கிட்ட போயிருச்சு. சக விஞ்ஞானிக சரிபாத்து வெளியான கட்டுரை எத்தனன்னு கோர்ட்டு கேட்டா, 2. எங்க காலத்து வாத்தியாரா இருந்தா முட்டி போட வச்சிருப்பாரு. 2019ல ஜப்பான் ஆணையத்த விட்டே வெளியேறி, 'ஆமா, கறிக்குத்தான் புடிக்கோம்'னு வெளிப்படையா எறங்கிருச்சு. எனக்கென்னவோ அது கொஞ்சம் மரியாதையாத்தான் பட்டுச்சு.

அமெரிக்கக் கடற்படை வேற தினுசு. 2000 மார்ச்சுல பகாமாஸ் தீவுக்கரையில திமிங்கலமும் ஓங்கிலுமா 17 ஒதுங்குச்சு. கடைசியில, எங்க சோனார் சத்தந்தான் காரணமா இருக்கணும்னு கடற்படையே அறிக்கையில ஒத்துக்கிட்டுது. திமிங்கலத்துக்குச் சத்தம் என்ன பண்ணுதுன்னு கண்டுபுடிக்க அள்ளிக் கொடுக்கிறதும் அதே கடற்படைதான். அந்தக் காச வாங்கலாமான்னு கேட்டா வாங்கலாம்னுதான் சொல்லுவேன். திமிங்கலத்து முதுகுல ஒட்டி, அது கேக்குற சத்தத்தையெல்லாம் பதியுற கருவி உட்ஸ் ஹோல் ஆய்வகத்துல உருவானதுக்கு அந்தப் பணமும் ஒரு காரணம். சத்தம் போட்டவனையே கணக்குப் பாக்கச் செலவழிக்க வைக்கிறது சாமர்த்தியந்தான்.

நம்ம நாட்டுக் கதைய விட்டுட்டேன்னு நெனைக்காத. 2024 டிசம்பர்ல அசாம்ல கங்கை ஓங்கில் ஒண்ணப் புடிச்சு, செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்புற பட்டைய மாட்டி விட்டாவ. கண்ணு தெரியாத சாதி அது, சத்தத்த வச்சே வழி கண்டுபுடிக்கும். மூச்சு வாங்க மேல வந்தா கொஞ்ச வினாடிதான், அதுக்குள்ள எண்ணணும், பாக்கணும். டேராடூன் வனஉயிரின நிறுவனம், அசாம் வனத்துறை, 'ஆரண்யக்'ங்கிற அமைப்பு மூணும் சேந்து செஞ்ச வேல. காசு எங்கிருந்து? காம்பாங்கிற நிதியில இருந்து. அணைக்கும் ரோட்டுக்கும் சுரங்கத்துக்கும் காட்ட எடுத்துக்கிடுதவன், அழிச்ச காட்டுக்கு ஈடாக் கட்டுற பணம் அது. மேட்டுல மரம் விழுந்தாத்தான் ஆத்துல ஓங்கிலுக்குப் பட்டை. சிரிக்கியா? சிரி. 8 மாநிலத்துல 8,500 கிலோமீட்டருக்கு மேல ஆத்தத் தொளாவி எடுத்த கணக்கும் மறு வருசம் மார்ச்சுல வெளிய வந்துச்சு, 6,327 ஓங்கில்னு. அந்தக் கணக்கு இல்லன்னா உனக்கு ஆராய்ச்சியத் தொடங்க ஒரு நம்பரே கெடையாது.

கடல்ல எண்ணுன கதை இன்னும் ருசி. ஓங்கிலக் கொல்லுற வலையில புடிச்ச மீன வாங்க மாட்டோம்னு அமெரிக்காக்காரன் சட்டம் வச்சிருக்கான். 2026 ஜனவரி 1ல இருந்து அத இறக்குமதிக்கும் கறாரா ஆக்கிட்டான். அவன் தட்டுல நம்ம இறால் விழணும்னா, நம்ம கடல்ல எத்தன திமிங்கலம், எத்தன ஓங்கில், வலையில எத்தன மாட்டுதுன்னு கணக்குக் காட்டணும். அந்தக் கெடு வாரதுக்கு முந்தியே கடல்பொருள் ஏற்றுமதி ஆணையமும், கொச்சி கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், மீன்வள அளவைத் துறையும் ஒண்ணாக் கூடிருச்சு. ஓங்கில் மேல திடீர்ப் பாசம் எங்கேருந்து வந்துச்சுன்னு புரிஞ்சிக்க. பாசம் எந்த வழியா வந்தா என்ன, கணக்கெடுக்கக் கப்பல் கடலுக்குப் போச்சுல்லா.

இலங்கையில பாரு, காசே வாங்காம காரியம் நடந்திருக்கு. மிரிஸ்ஸவுக்குத் தெக்க நீலத்திமிங்கலம் மேயுற எடத்துலதான் ஒலகக் கப்பல் பூரா போவுது. ஆஷா டி வோஸ்ங்கிற இலங்கைப் பிள்ள வருசக்கணக்கா அதப் படிச்சு, கப்பல் மோதி சாவுதுன்னு ஊரு ஒலகத்துக்கெல்லாம் சொன்னா. ருகுணு பல்கலைக்கழகமும் வெளிநாட்டு விலங்குநலச் சங்கங்களும் பாதைய மாத்துங்கன்னு கணக்கோட போயி நின்னாவ. 2022ல எம்.எஸ்.சி.ங்கிற பெரிய கப்பல் கம்பெனி, தன் கப்பலத் தெக்க 15 கடல் மைல் வாக்குல தள்ளி ஓட்டுதேன்னு ஒத்துக்கிட்டுது. சில ஸ்பான்சர்கிட்ட செக்கு கேக்கக் கூடாதுட்டி, 'செத்த ஒதுங்கிப் போ'ன்னுதான் கேக்கணும்.

இப்ப நம்ம மணப்பாட்டுக்கு வா. 1973 ஜனவரியில அந்தக் கரையில பைலட் திமிங்கலம் 147 ஒதுங்குச்சு. 43 வருசம் கழிச்சு 2016ல, அதே ஜனவரி, பொங்கலுக்கு முந்தி, மணப்பாட்டுக்கும் கல்லாமொழிக்கும் நடுவுல 80க்கு மேல. மீனவங்க ராத்திரியோட ராத்திரியா தண்ணிக்குள்ள எறங்கித் தள்ளுனாவ, படகுல கட்டி இழுத்து ஆழத்துல கொண்டு விட்டாவ. கூட்டத்த விட்டுப் பிரியாத சாதி, விட்டது திரும்பத் திரும்பக் கரைக்கே வந்துச்சு. 40க்கு மேல செத்துப் போச்சு. அன்னைக்கு டீசல் யாரு போட்டா? ஒரு நா பொழப்பு போனதுக்கு எந்த நிதியில கணக்கு? விஞ்ஞானி வந்து அளந்தது மறுநா. தள்ளுனவன் பேரு கட்டுரையில கடைசி வரியில, 'உள்ளூர் மீனவர்கள் உதவியுடன்'னு மூணே சொல்லுல முடிஞ்சிரும். கூட்டாளின்னா லெட்டர்பேடு வச்சிருக்கவன் மட்டுந்தானாட்டி?

ஆகக்கூடி, எவன் வேணும்னாலும் காசு கொடுக்கட்டும். கையெழுத்துப் போடுததுக்கு முன்ன ரெண்டு கேள்வி கேளு. பாதியில அவன் கைய எடுத்துட்டா குறிச்ச நோட்டு யாரு வீட்டுல இருக்கும்? அவனுக்குப் புடிக்காத கணக்கு வந்தா அச்சுல வருமா, அலமாரியில போகுமா? பதில் சொல்லாமச் சிரிச்சான்னா, டீயக் குடிச்சிட்டு எந்திரிச்சி வந்துரு. பிரானூர் பார்டர்ல எந்தப் புரோட்டாக் கடைக்காரனாவது ஓங்கில் முதுகுல கடப் பேரு எழுதணும்னு சொன்னா மட்டும் என்கிட்ட அனுப்பி வையி, ரேட்டு நான் பேசிக்கிடுதேன்.

தூத்துக்குடி போயிட்டு வரும்போது கால் கிலோ மக்ரூன் வாங்கிட்டு வாட்டி. வாங்கிட்டு வந்தியன்னா அடுத்த தடவ ஒன் ஆராய்ச்சியப் பத்தி நாலு வார்த்த நல்லதாவே சொல்லுவேன்.