புலிவால்

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா அனுப்பும் வங்கி லிங்க்கை நம்பலாமா?

பதில்: சித்தப்பாவை நம்புங்கள். லிங்க் அவருக்கும் யாரோ அனுப்பியதுதானே! தலையில் வங்கியின் பெயர் இருப்பது பசுத்தோல். புலி தெரிவது வாலில். ‘கேஒய்சி அப்டேட்’ என்று ஆரம்பித்து ‘டாட் எக்ஸ்ஒய்இசட்’ என்று முடிந்தால் தொடாதீர்கள். இந்திய வங்கித் தளங்கள் 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. முகவரிக்கு அருகில் தெரியும் பூட்டுப் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். திருடன் வீட்டுக்கும் பூட்டு உண்டு. செயலியை நிறுவும் ஏபிகே ஃபைல் வந்தால் உடனே அழித்துவிடுங்கள். கை தவறித் தட்டிப் பணம் போய்விட்டதா? அழுகையை அப்புறம் வைத்துக்கொண்டு, முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுமுன் மடக்க வேண்டும்.