கூடை நிரம்பினால் போதுமா?

ஆன்லைன் கடை போடுபவர்களுக்கான கேள்வி-பதில்

கே: ஷாப்பிங் கார்ட் மென்பொருள்களில் எது பெஸ்ட்? ஒரே வரியில் சொல்லுங்கள். (வாசகர், சேலம்)

ப: உங்கள் பார்சலைத் தடங்கலில்லாமல் கிளப்புவது எதுவோ, அது. டெமோவில் எல்லாக் கடையும் அழகாகத்தான் இருக்கும். ஆர்டர் விழுந்த பிறகு பணம் வந்தது தெரிகிறதா, சரக்குக் கணக்கு குறைகிறதா, பில்லும் முகவரி லேபிளும் அச்சாகின்றனவா என்று பாருங்கள்.

கே: வூகாமர்ஸ் இலவசம், ஷாப்பிஃபைக்கு மாதாமாதம் பணம். பிறகு ஏன் ஷாப்பிஃபைக்குப் போகிறார்கள்? (வாசகி, ஈரோடு)

ப: வூகாமர்ஸ் இலவசம்தான், அது ஓடும் இடம் இலவசமில்லை. 2011இல் வந்த வேர்ட்பிரஸ் பிளக்இன் அது. ஹோஸ்டிங், டொமைன் உங்கள் செலவு. அப்டேட், பேக்கப், பாதுகாப்பு உங்கள் பொறுப்பு. தீபாவளிக்கு முந்தைய வாரம் தளம் படுத்துவிட்டால், எழுப்ப ஆள் வேண்டும். ஷாப்பிஃபையில் அந்தத் தலைவலி அவர்களுக்கு. மாதக் கட்டணம் உங்களுக்கு. இன்னொன்றையும் கவனியுங்கள். ஷாப்பிஃபையின் சொந்தப் பேமென்ட் வசதி இந்தியாவில் இல்லை. பணம் வாங்கித் தரும் வெளி கேட்வேயை இணைத்தால், கேட்வேக்குக் கொடுப்பதோடு ஷாப்பிஃபைக்கும் விற்பனையில் ஒரு பங்கு போகும். ஆகவே மாதக் கணக்கு போடாதீர்கள். இரண்டுக்கும் ஒரு வருடச் செலவைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் கணினி தெரிந்தவர் இருந்தால் வூகாமர்ஸ். மடிப்பதும் கட்டுவதும் அனுப்புவதும் நீங்கள் ஒருவர்தான் என்றால், மாதக் கட்டணமே நிம்மதி.

கே: 40 வகை ஊறுகாய் விற்கிறோம். மெஜன்டோ போடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

ப: வேண்டாம். 2018இல் அடோபி 168 கோடி டாலர் கொடுத்து வாங்கிய மென்பொருள் அது. ஆயிரக்கணக்கில் பொருள்களும், சம்பளத்துக்கு டெவலப்பர்களும் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு ஏற்றது. டெவலப்பருக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல பாட்டில் மூடிக்குச் செலவிடுங்கள்.

கே: அரை கிலோ முறுக்கு அனுப்பினால் கூரியர்காரர் 3 கிலோவுக்குப் பணம் கேட்கிறார். இது நியாயமா? (வாசகி, மணப்பாறை)

ப: கணக்கு சரிதான். எடையோடு பெட்டியின் அளவையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பல கூரியர்களின் வழக்கம். 30 × 25 × 20 செ.மீ. பெட்டி என்றால் 15,000. வகுத்தால் 3 கிலோ. நொறுங்கக் கூடாதென்று பெரிய பெட்டி எடுத்திருப்பீர்கள். மென்பொருளில் 500 கிராம் என்று மட்டும் பதிந்திருந்தால், மீதி இரண்டரை கிலோவின் கூலி உங்கள் லாபத்திலிருந்து போகிறது. பெட்டி அளவையும், பின்கோடு வாரியாகக் கூலியையும் பதிய இடம் தராத மென்பொருள் உங்களுக்கு ஆகாது.

கே: ஒரே ஒரு பட்டுப்புடவை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பணம் கட்டிவிட்டால்? (வாசகர், காஞ்சிபுரம்)

ப: ஒருவருக்குப் புடவை, இன்னொருவருக்கு மன்னிப்புக் கடிதம். இதைத் தவிர்க்க, பணம் கட்டி முடிக்கும்வரை சரக்கைப் பிடித்துவைக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். வூகாமர்ஸில் உண்டு, தானாக 60 நிமிடம் என்றிருக்கும். ஒற்றைப் புடவைக்கு அவ்வளவு நேரம் அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். கடையிலும் விற்கிறீர்கள் என்றால், கடையில் விற்ற கையோடு தளத்திலும் கழிக்க வேண்டும்.

கே: 1,000 ரூபாய்க்கு விற்றால் 976 ரூபாய்தான் வருகிறது. மீதி எங்கே? (வாசகர், கரூர்)

ப: கேட்வே கட்டணம் 2 சதவீதம் என்றால் 20 ரூபாய், அந்த இருபதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 3.60. கைக்கு வருவது 976.40. வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு, கடைக்காரரிடம் பிடிக்கும் எம்டிஆர் கட்டணம் 2020 ஜனவரி முதல் இல்லை. ஆனாலும் கேட்வே தன் சேவைக்கென்று தனியே வாங்கக்கூடும். கையெழுத்துப் போடும் முன் கார்டுக்கு எவ்வளவு, யுபிஐக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

கே: கூடையை நிரப்புகிறார்கள், வாங்காமல் போய்விடுகிறார்கள். என்ன குறை? (வாசகி, கோவை)

ப: கடைசிப் பக்கத்தில் திடீரென்று கூரியர் கூலியைக் காட்டியிருப்பீர்கள். கணக்குத் தொடங்கு, பாஸ்வேர்டு வை என்று கட்டாயப்படுத்தியிருப்பீர்கள். பின்கோடைப் பொருள் பக்கத்திலேயே கேட்டு, கூலியை அங்கேயே சொல்லிவிடுங்கள். கணக்கில்லாமலும் வாங்க விடுங்கள். இந்த இரண்டுக்கும் இடமில்லாத மென்பொருள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நஷ்டம்தான்.

கே: கிஃப்ட் பேக்கிங்குக்கு நாமே டிக் போட்டு வைத்துவிடலாமா? வேண்டாதவர் எடுத்துவிடட்டுமே. (வாசகர், திருப்பூர்)

ப: கூடாது. 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், முன்கூட்டியே டிக் போட்டு வாடிக்கையாளரின் சம்மதத்தைப் பதிவதைத் தடுக்கின்றன. புகாரைக் கவனிக்கும் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததென்று தெரிவிக்க வேண்டும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கேட்காத பொருளுக்குக் காசு போனதைப் பார்த்தவர் மறுபடி உங்கள் கடைக்கு வரமாட்டார்.

கே: தளம் செய்துகொடுத்தவர் போனை எடுப்பதில்லை. டொமைனும் அவர் பெயரில் இருக்கிறது. என்ன செய்வது? (வாசகர், மதுரை)

ப: முதலில் டொமைனை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அட்மின் பாஸ்வேர்டு கையில் இருந்தால், பொருள், ஆர்டர், வாடிக்கையாளர் பட்டியல் மூன்றையும் இன்றைக்கே சிஎஸ்வி கோப்பாக இறக்கிவையுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: டொமைன், ஹோஸ்டிங், கேட்வே மூன்றும் உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் போன் எண்ணில் இருக்கட்டும். உள்ளே போகுமுன் வெளியே வரும் வழியைக் கேளுங்கள். பட்டியலை முழுதாக எடுத்துத் தர மறுக்கும் மென்பொருளில் கடை போடாதீர்கள். வாடிக்கையாளர்தான் உங்கள் முதல்.

கே: பணம் கட்டும் முன் கடைசியாக ஒரு பரிசோதனை? (வாசகி, நாகர்கோவில்)

ப: இலவசச் சோதனைக் காலத்திலேயே ஒரு பொருளை ஏற்றுங்கள். விலை குறைந்த போன் ஒன்றில், வைஃபை இல்லாமல், உங்களுக்கே ஒரு ஆர்டர் போடுங்கள். பணம் கட்டுங்கள், பில் எடுங்கள், லேபிள் ஒட்டுங்கள், பிறகு ரத்து செய்து ரீஃபண்ட் வாங்குங்கள். வாங்குவது சுலபமாகவும் ரீஃபண்ட் சிக்கலாகவும் இருந்தால் அடுத்த மென்பொருளைப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் படப்போகும் பாட்டை நீங்கள் முதலில் பட்டுவிடுவது நல்லது.